நாலு, ஏழு, ஒரு கோடு

ஜனவரி 20, திங்கள்

புறப்படுமுன் எழுதிக்கொள்கிறேன். திட்டமில்லாமல் எதையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

1. இன்று முதல் 27 வரை வெள்ளைக்கோடி சரணாலயத்தில் தங்குவது. ஒரு நாள் காடு, ஒரு நாள் புல்வெளி, மீதி நாட்கள் சேற்றுநிலம்.

2. என் மகன் அறவாழி கால்பட்டை மாட்டிய பறவைகளில் ஒன்றையாவது உயிரோடு பார்த்து, பட்டையில் உள்ள எண்ணைப் படிப்பது. ஒன்று போதும்.

3. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது.

4. சென்ற பிப்ரவரி 21 அன்று இங்கே நடந்ததற்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆகவே அதைப் பற்றி இந்த நோட்டில் எழுத வேண்டியதில்லை.

5. திரும்பியதும் இந்த நோட்டை அறவாழியின் மேசைமேல் வைத்துவிடுவது. பேச வேண்டியதில்லை. படிப்பதும் படிக்காததும் அவன் விருப்பம்.

மாலை 5.40. வந்து சேர்ந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து மினிபஸ். தொலைநோக்கிப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அது அறவாழியுடையது. காலையில் அவன் அறைக்குப் போய், "தம்பி, இதை எடுத்துட்டுப் போறேன், உன் பதிவு நோட்டையும்" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன் "ம்" என்றான். பதினோரு மாதமாக அவன் பேசுவது அந்த ஓர் எழுத்துதான். முப்பத்தாறு வயது ஆள். சைபீரியாவிலிருந்து வருகிற பறவைகளைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசியவன்.

நான் செய்வது சரியா என்று தெரியவில்லை. ஒரு பறவையின் எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவன் படுக்கையை விட்டு எழுந்துவிடுவான் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வானம் எட்டில் மூன்று பங்கு மேகம். காற்று வடகிழக்கு, மிதமானது. வானிலை ஆய்வகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு பார்வையாளனாக இருந்தவன். ஓய்வு பெற்று பதினாறு ஆண்டாகியும் இதை எழுதாமல் நாளை முடிக்க முடிவதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

காடு. வழிகாட்ட வந்தவர் வைரக்கண்ணு, இங்கே காவலர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அறவாழியோடு ஆறு பருவம், பறவை பிடித்துப் பட்டை மாட்ட வலை கட்டியவர். என்னைப் பார்த்ததும் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் சாரோட அப்பாவா? மூக்கு அப்படியே இருக்கே பெரியய்யா! சார் எங்க? வரலையா?"

"வரலை. வேற வேலை" என்றேன். பொய்யில்லை, பொதுவான பதில்.

இந்தக் காட்டு மரங்கள் உயரமானவை அல்ல. கடற்காற்று மேலே வரவிடாமல் மழித்துவிட்டது போல எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பாலை மரங்கள் அதிகம். உள்ளே நுழைந்ததும் காற்று நின்றுவிடுகிறது. புள்ளிமான்கள் ஒன்பது. நரி ஒன்று, வால் மட்டும். பன்னிரண்டு மணிக்கு முழங்கால் வலி, திரும்பினோம்.

அறையில் தனியாக அறவாழியின் பதிவு நோட்டைப் பிரித்தேன். முத்துப் போன்ற எழுத்து. என் எழுத்தைப் பார்த்துப் பழகியது. ஒவ்வொரு வரியிலும் பட்டை எண், பறவையின் பெயர், எடை, இறக்கை நீளம், தேதி. கடைசிக் கட்டம் குறிப்புக்கானது, பெரும்பாலும் காலி.

ஜனவரி 22, புதன்

புல்வெளி. ஏழு மணிக்கே போய்விட்டோம். வேலியில்லை, மேடில்லை, கண் போகும் மட்டும் பழுப்புப் புல். வெளிமான்கள் கூட்டமாக மேய்ந்தன. எண்ணியதில் ஐம்பத்து மூன்று. அவற்றை விட்டு வெகுதூரம் தள்ளி ஒரே ஒரு கருத்த ஆண், முறுக்குக் கொம்போடு, அசையாமல் நின்றது. அருகில் துணை யாருமில்லை. காயமா என்று கேட்டேன்.

"காயமெல்லாம் இல்லங்கய்யா. அது அவன் எடம். அவனே கோடு கிழிச்சுக்கிட்டது. பொட்டைங்க எல்லாம் அந்தாண்ட போயிடுச்சு, இவன் மட்டும் எடத்த வுடமாட்டேங்கிறான். பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போனவன் வாசல்லயே நிக்கிற மாதிரி." அவரே சிரித்துக்கொண்டார். "மேயக்கூட மாட்டான். எளச்சுப் போயிருக்கான் பாருங்க."

"நாம ஏதாவது செய்ய முடியாதா?"

"என்ன செய்யறது? கூட்டியாந்து சமாதானமா பேச முடியும்?"

நான் அந்த மானையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். அது ஒரு முறை தலையைத் திருப்பியது.

பிற்பகல் மறுபடி பதிவு நோட்டு. சில வரிகளில் குறிப்புக் கட்டத்தில் சிறு வட்டம் இருக்கிறது. உள்ளே நிரப்பாத, சுத்தமான வட்டம். மற்றவை நீல மை, வட்டம் மட்டும் கறுப்பு. எண்ணினேன். பதினேழு. எங்கள் வானிலைக் குறியீட்டில் நிரப்பாத வட்டம் என்றால் மேகமற்ற வானம். நான் வீட்டில் போடுவதை அறவாழி சிறு வயதிலிருந்து பார்த்தவன். நல்ல ஆரோக்கியமான பறவைகளுக்கு அப்பாவின் குறியைப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மனதுக்கு இதமாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

சேற்றுநிலம். கரையில் ஸ்டூல் போட்டுத் தொலைநோக்கியை நிறுத்திக் கொடுத்தார் வைரக்கண்ணு. தண்ணீர் கணுக்கால் ஆழம்கூட இல்லை, அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. தொலைவில் பூநாரைகள் ஒரு மங்கலான இளஞ்சிவப்புக் கோடு. எனக்கு வேண்டியவை கிட்டத்தில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் சிறு உள்ளான்கள். அலகு நுனி கீழே வளைந்தது. ஆயிரக்கணக்கில்.

எனக்கு இதுவரை தெரியாத ஒரு விஷயம்: ஓய்வெடுக்கும் பறவைகள் ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் காலில் பட்டை இருக்கிறதோ அந்தக் காலைத்தான் ஒளிக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். இதற்கும் ஆதாரமில்லை.

இன்று பார்த்த கால்கள் 312. பட்டை: இல்லை.

செக்போஸ்ட் புளியமரத்தடியில் மட்டும் தொலைபேசி எடுக்கிறது. என் மனைவி சிவபாக்கியத்தைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டீங்களா? குல்லா போட்டுக்கிட்டீங்களா?"

"தம்பி?"

"ரெண்டு இட்லி. அதுவும் வச்சது வச்சபடி அரை மணி இருந்துச்சு. அங்க உங்களுக்கு என்னதான் வேலை? என்னைத் தனியா விட்டுட்டு."

"நீயும் போன வருஷம் என்னைத் தனியா விட்டுட்டு மன்னார்குடி போனியே" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அது சென்ற பிப்ரவரி. அன்று இரவு மழை 38.4 மில்லிமீட்டர், மாசியில் அபூர்வம். அறவாழியும் அன்று ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்திருந்தான்.

இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. நான்காவதைப் பார்க்கவும்.

ஜனவரி 24, வெள்ளி

பார்த்தேன்.

காலை 8.12. முப்பதடி தூரம். வலது காலில், முழங்காலுக்கு மேலே பட்டை. பறவை இரண்டு முறை குத்தியது, பக்கவாட்டில் திரும்பியது. முதல் இலக்கம் 4. இரண்டாவது 7. மூன்றாவதன்மேல் சேறு அப்பியிருந்தது. பறவை நடந்து தண்ணீரில் இறங்கினால் சேறு கழுவிப் போய்விடும் என்று நினைத்தேன். அது காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பிறகு எதற்கோ பயந்து கூட்டமே எழும்பியது. மொத்தம் பதினோரு விநாடி.

பென்சில் கைதவறிச் சேற்றில் போய்விட்டது. வைரக்கண்ணுவின் பேனாவை வாங்கி எழுதினேன்: 4, 7, மூன்றாவது தெரியவில்லை.

பத்தரை மணிக்குப் புளியமரத்தடி.

"தம்பி இன்னிக்கு சாப்பாட்டைத் தொடவே இல்லீங்க" என்றாள் சிவபாக்கியம். குரல் சரியில்லை. "தண்ணிகூட வேணாங்குது. எனக்குப் பயமா இருக்கு. எதாச்சும் நல்ல சேதி இருந்தா சொல்லுங்களேன். இல்லாட்டி வந்துடுங்களேன்."

"பார்த்தேன்" என்றேன். "அவன் மாட்டின பட்டைதான்."

"நம்பர்?"

அவன் பதிவு நோட்டு கையில் இருந்தது. 470 முதல் 479 வரை பத்து வரியும் ஒரே பக்கத்தில். எல்லாம் வளைந்த அலகு உள்ளான்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் வட்டம் இருந்தது. ஆரோக்கியமான பறவை. இருந்தால் அதுதான் இருக்கும் என்று வாதம் செய்துகொண்டேன்.

"நானூத்து எழுபத்தாறு."

ஆய்வகத்தில் ஒருமுறை புயல் நாளில் வெப்பமானிக் கூண்டு வரை போக முடியாமல் இரவு இரண்டு மணி அளவைக் காலியாக விட்டேன். அதற்காக மெமோ வாங்கினேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து நிரப்பியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நிரப்பவில்லை. அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "எழுந்து உக்காந்துடுச்சுங்க! இன்னொரு தடவ சொல்லும்மான்னுச்சு. வாயைத் திறந்து சொல்லுச்சுங்க, 'இன்னொரு தடவ சொல்லும்மா'ன்னு. சொன்னேன். என்னையே பாத்துச்சு."

டீக்கடையில் வைரக்கண்ணுவுக்கும் எனக்கும் வடை வாங்கினேன். பிற்பகல் இரண்டு மணி நேரம் தூங்கினேன். பல மாதங்களில் முதல் முறை.

ஜனவரி 25, சனி

வைரக்கண்ணு இன்று அதைச் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. அந்த இடத்தைக் கடந்தோம். இரண்டு மூங்கில் கழிகள் இன்னும் சேற்றில் சாய்ந்து நிற்கின்றன.

"இங்கதாங்கய்யா அது நடந்தது. சார் சொல்லியிருப்பாங்களே."

"கொஞ்சம்" என்றேன்.

"அன்னிக்கு எம் மவளுக்கு வளைகாப்பு, நான் லீவு. கூலிக்கு வந்த ஒரு ஆளுதான் கூட. நாலு மணிக்கு மேல சார் செக்போஸ்ட் பக்கம் போனப்ப ஒரு போன் வந்துச்சாம். வண்டிய எடுத்துக்கிட்டு அப்படியே ஓடிட்டாங்க. இந்த ஆளு அந்தக் கரையில நின்னான். வலையச் சுருட்டிடுன்னு சார் வழியெல்லாம் போன் போட்டிருக்காங்க. இங்கதான் டவர் கெடையாதே. அவன், சார் இருக்காங்க, அவங்களே சுருட்டிடுவாங்கன்னு வூட்டுக்குப் போயிட்டான். ராத்திரி பூரா மழ."

சாய்ந்திருந்த கழிகளின் பக்கம் இரண்டடி நடந்தேன்.

"காலையில மொத ஆளா வந்தது நாந்தாங்கய்யா. வலையத் தொட்டா ஈரத்துணி மாதிரி கனமா இருக்கு. நாப்பத்தோரு குருவி. அரை மணிக்கு ஒருக்கா பாத்து எடுத்து வுடுற வலை அது. சார் ஒம்பது மணிக்கு வந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். ஒண்ணும் பேசல. ஒவ்வொண்ணா அவங்களே பிரிச்சு எடுத்தாங்க. அதுல பதினேழுக்கு முன்னமே அவங்க பட்ட மாட்டியிருந்தாங்க. பட்டையக் கழட்டிச் சட்டப்பையில போட்டுக்கிட்டு, நோட்டத் தொறந்து, நம்பருக்கு நம்பர் ஒரு வட்டம் போட்டாங்க."

நான் நின்றுவிட்டேன். முழங்கால் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"யாரு சார் போன் பண்ணுனதுன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். ஆபீசுலேர்ந்து வந்தவங்களும் கேட்டாங்க. ஒரு அவசரம்னு மட்டும் சொன்னாங்க. இந்த நாளு வரைக்கும் யாருன்னு சொல்லல பெரியய்யா."

புளியமரத்தடிக்கு நடந்தே போனேன். சிவபாக்கியம் கிசுகிசுப்பாகப் பேசினாள். காலையில் அவன் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினானாம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். தட்டினால் "ம்" என்கிறான்.

"என்னங்க ஆச்சு? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"தெரியலை" என்றேன்.

அவனிடம் தொலைபேசியைக் கொடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இறந்துபோன பறவையை உயிரோடு பார்த்தேன் என்று அவனிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். வனத்துறை அலுவலகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கையில் வைத்திருந்தது உருகி ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது இலக்கத்தைப் படித்துவிட்டால் சரியான எண்ணைச் சொல்லலாம் என்று காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தேன். காற்று கிழக்காக மாறிக் கடல்நீரை உள்ளே தள்ளிவிட்டது. சேறு முழுவதும் தண்ணீர். உள்ளான்கள் இல்லை. வேன்களில் சுற்றுலாக் கூட்டம். ஒரு பெண்மணி தொலைநோக்கியைக் காட்டி, "சார், இதுல என்ன தெரியுது?" என்றார். பார்க்கச் சொல்லி விலகினேன். "ஒண்ணுமே இல்லையே, வெறும் தண்ணி" என்றார். ஆமாம் என்றேன்.

பார்த்த கால்கள்: 0.

வீட்டில் கதவு சாத்தியபடி. வாசலில் வைத்த சோறு பாதி எடுக்கப்பட்டிருந்ததாம்.

ஜனவரி 27, திங்கள்

காலையும் தண்ணீர்தான். ஒன்பதரைக்குப் பையைக் கட்டிக்கொண்டு புளியமரத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தேன். அறையை நாளைக் காலைக்குள் காலி செய்தால் போதும். ஆனால் இங்கே இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கே போய் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

வைரக்கண்ணுவின் போன் அடித்தது. எடுத்தவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு? சார்! அறவாழி சாரா! சார், நல்லா இருக்கீங்களா? மவளுக்கு ஆம்பளப் புள்ள சார்! உங்களுக்குச் சொல்லணும்னு… இருக்காங்க, இங்கதான் இருக்காங்க, தர்றேன்."

போனை வாங்கினேன். காதில் வைத்தேன்.

"அப்பா."

"சொல்லு தம்பி."

"நானூத்து எழுபத்தாறு செத்துப்போச்சுப்பா. அந்தப் பட்டை என் டிராயர்ல இருக்கு. எடுத்துப் பார்த்தேன்."

"தெரியும்" என்றேன். "இப்பத்தான் தெரியும். வட்டத்தை நான்… மேகமில்லாத வானம்னு நினைச்சேன்."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"நிஜமா என்ன பார்த்தீங்க?"

"நாலு. ஏழு. மூணாவதுல சேறு."

"பார்த்தீங்களா, இல்ல அம்மாவுக்காகச் சொன்னீங்களா?"

"நாலும் ஏழும் பார்த்தேன். பதினோரு விநாடி."

"எந்தக் கால்?"

"வலது. முழங்காலுக்கு மேல."

லைன் போய்விட்டதோ என்று மரத்தடிக்கு இன்னும் நெருங்கி நின்றேன்.

"வலதுன்னா நம்மளதுதான்" என்றான். "அந்தப் பத்துல ஒன்பது தப்பிச்சது. அதுல ஒண்ணு. ரஷ்யா வரைக்கும் போயிட்டு வந்திருக்கு." பிறகு, "நாலு, ஏழு, ஒரு கோடுன்னு எழுதுங்கப்பா. தெரியாத இலக்கத்துக்குக் கோடு போடணும். அதுவும் ரெக்கார்டுதான். நேரம் எழுதினீங்களா?"

"8.12."

"காற்று?"

"வடகிழக்கு."

"சரி."

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. "தம்பி, அன்னிக்கு நான் போன் பண்ணினப்ப" என்று தொடங்கினேன்.

"வேணாம்ப்பா. வச்சுடறேன்" என்றான். வைத்துவிட்டான். கோபமா, களைப்பா, தெரியவில்லை. மறுபடி கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. சிவபாக்கியத்தைக் கேட்டேன், மறுபடி படுத்துவிட்டான், ஆனால் கதவு திறந்திருக்கிறது என்றாள்.

மாலை 4.20. கடைசி மினிபஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். வாயால் என்னால் முடியாது.

பிப்ரவரி 21. உன் அம்மா மன்னார்குடியில். நாலு மணிக்குக் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. முப்பத்து நான்கு ஆண்டு மேகம் பார்த்தவன். மழை தரும், ஆனால் ஆபத்தில்லாத மேகம் என்று தெரியும். வீடு மட்டும் மிகவும் அமைதியாக இருந்தது. அன்றிரவு தனியாக இருக்கப் பயமாக இருந்தது. உனக்குப் போன் செய்தேன். நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். எவ்வளவு நேரமாக என்று கேட்டாய். அரை மணியாக என்றேன். நனைந்துகொண்டு வந்து டாக்டரிடம் கூட்டிப் போனாய். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அவர் வாயு என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

வாயு இல்லை, தம்பி. வலியே இல்லை.

நீ வழியெல்லாம் வலையைப் பற்றிப் போன் செய்துகொண்டிருந்தாய் என்று நேற்று முன்தினம் வரை எனக்குத் தெரியாது. அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் நீ காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். எட்டரைக்கு மாடிக்குப் போய் மழைமானியில் அளவெடுத்து எழுதினேன். அந்த அளவு மிகச் சரியானது.

பார்க்காததைச் சொன்னது இந்த வாரம்தான் முதல் முறை என்று நினைத்திருந்தேன். அது இரண்டாவது.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். கிழிக்கவில்லை. நோட்டு உன் மேசைக்கு வரும்.

20ஆம் தேதி எழுதிய ஐந்தையும் இப்போது சரிபார்த்தேன். முதலாவது நடந்தது. இரண்டாவது மூன்றில் இரண்டு பங்கு நடந்தது. மூன்றாவது சரியானது, நான் மீறினேன். ஐந்தாவதை இன்று இரவு செய்வேன்.

நான்காவது தவறு.